பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுமா? புதுசு வாங்குவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டிய 3 சோதனைகள்!

"சார், இது 11க்கு சப்போர்ட் ஆகாது. புதுசுதான் வாங்கணும்." விண்டோஸ் 10 லேப்டாப்புடன் சர்வீஸ் கடைக்குப் போகும் பலருக்கும் இப்போது கிடைக்கும் பதில் இதுதான். ஆனால் அந்தப் பதில் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. சில லேப்டாப்களில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினாலே விண்டோஸ் 11 இலவசமாக ஏறிவிடும். சிலவற்றில் எவ்வளவு முயன்றாலும் முறைப்படி ஏறாது. அப்படிப்பட்ட லேப்டாப்பையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதற்கும் வழி இருக்கிறது.

உங்கள் லேப்டாப் எந்த வகை? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? முழு விவரத்தையும் இங்கே பார்க்கலாம்.

விண்டோஸ் 10க்கு என்ன ஆச்சு?

விண்டோஸ் 10, 2015ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று வெளியானது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அதாவது, மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் அந்தத் தேதியோடு நின்றுவிட்டன. இதற்கு முன்பு விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும் இதேதான் நடந்தது.

அப்படீன்னா லேப்டாப் ஓடாதா?

ஓடும். நாளைக்கு ஆன் செய்தாலும் வழக்கம்போலத்தான் திறக்கும். பிரச்சனை வேறு இடத்தில் இருக்கிறது.

எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைப்பதுதான் அப்டேட்டின் வேலை. அப்டேட் நின்றுவிட்டால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை திறந்தபடியே கிடக்கும்.

2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய 'வான்னாக்ரை' தாக்குதலை நினைவிருக்கிறதா? அது பயன்படுத்திய ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் அதை இன்ஸ்டால் செய்யாத கணினிகளில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்டு மிரட்டப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே முடங்கிப் போயின. வந்த அப்டேட்டைப் போடாததற்கே இந்த நிலை என்றால், அப்டேட்டே வராத கணினியில் நெட் பேங்கிங் செய்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10க்கு வரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது ஓரளவு உதவும். ஆனால், வீட்டுக்கு வாட்ச்மேன் இருக்கிறார் என்பதற்காக உடைந்த கதவை அப்படியே விட்டுவிட முடியாதே!

விண்டோஸ் 11 என்னென்ன கேட்கிறது?

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, அதற்கு முந்தைய விண்டோஸ்களைவிடக் கறாரானது. குறைந்தபட்சத் தேவைகள் இவை:

- மைக்ரோசாப்ட் பட்டியலில் இடம்பெற்ற 64 பிட் ப்ராசஸர்
- 4 ஜிபி ரேம்
- 64 ஜிபி சேமிப்பு இடம்
- டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப்
- செக்யூர் பூட் வசதி உள்ள யு.இ.எஃப்.ஐ. முறை

இதில் ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. தடுத்து நிறுத்துவது ப்ராசஸரும் டி.பி.எம்.மும்தான்.

டி.பி.எம். என்பது கடவுச்சொற்கள், பூட்டுத் திறவுகோல்கள் போன்றவற்றைப் பாதுகாக்கும் ஒரு குட்டிப் பெட்டகம். தனிச் சிப்பாகவும் இருக்கலாம், ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கலாம். செக்யூர் பூட் என்பது லேப்டாப் ஆன் ஆகும்போதே, நம்பகமான மென்பொருள்தான் ஏறுகிறதா என்று வாசலிலேயே சரிபார்க்கும் ஏற்பாடு.

இனி அந்த மூன்று சோதனைகளுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள் போதும், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சோதனை 1: ப்ராசஸர் எந்தத் தலைமுறை?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற வரிசையில் போனால் ப்ராசஸரின் பெயர் தெரியும். இன்டெல் கோர் வகை என்றால், ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 'ஐ5-8250' என்றிருந்தால் 8ஆம் தலைமுறை. 'ஐ3-5005' என்றால் 5ஆம் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் அதுவே தலைமுறை எண்.

8ஆம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏற்கும். 7ஆம் தலைமுறையில் மிகச் சில மாடல்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. இன்டெல் 8ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் 2017 இறுதியில்தான் சந்தைக்கு வரத் தொடங்கின. எனவே அதற்கு முன் வாங்கிய லேப்டாப் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

ஏ.எம்.டி. ரைசன் லேப்டாப் என்றால், 3000 வரிசை முதல் பெரும்பாலும் பிரச்சனை இல்லை. 2000 வரிசையில் சில மட்டுமே பட்டியலில் உள்ளன. செலரான், பென்டியம் வகைகளைப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அவற்றுக்கு மூன்றாவது சோதனைதான் சரி.

தமிழகத்தில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அவை இந்த எல்லைக்கு முந்தையவை என்பதால் விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதி பெறாது. ஆனால் அவற்றுக்கும் கீழே வழி சொல்லப்பட்டிருக்கிறது.

சோதனை 2: டி.பி.எம். இருக்கிறதா, தூங்குகிறதா?

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் டி, பி, எம், ஒரு புள்ளி, பிறகு எம், எஸ், சி என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் திரையில் 2.0 என்று இருந்தால் சரி.

"டி.பி.எம். கிடைக்கவில்லை" என்று வந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். சிப் இருந்தும் ஆஃப் செய்யப்பட்டிருக்கலாம். இந்த இடத்தில்தான் பலர் தேவையில்லாமல் புது லேப்டாப் வாங்கிவிடுகிறார்கள். ப்ராசஸர் தகுதியானது என்றால், அதற்குள்ளேயே டி.பி.எம். இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனை 3: பி.சி. ஹெல்த் செக்

மைக்ரோசாப்ட் நிறுவனமே இலவசமாகத் தரும் செயலி இது. மைக்ரோசாப்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். 'செக் நவ்' பட்டனை அழுத்தினால், லேப்டாப் தகுதியானதா, இல்லையென்றால் எதனால் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடும்.

அந்த 'எதனால்' என்பதுதான் முக்கியம். ப்ராசஸர் என்று வந்தால் மாற்ற முடியாது. டி.பி.எம். அல்லது செக்யூர் பூட் என்று வந்தால் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. சேமிப்பு இடம் என்று வந்தால் டிஸ்க்கை மாற்றினால் முடிந்தது.

ஆஃப் ஆகியிருக்கும் டி.பி.எம்.மை ஆன் செய்வது எப்படி?

லேப்டாப்பின் பயாஸ் பகுதிக்குள் போக வேண்டும். அங்கே இன்டெல் லேப்டாப்பில் 'பி.டி.டி.' என்றும், ஏ.எம்.டி. லேப்டாப்பில் 'எஃப்.டி.பி.எம்.' என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்து சேமித்தால் போதும். பயாஸுக்குள் போகும் பட்டன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, பிட்லாக்கர் பூட்டு ஆன் ஆகியிருக்கும் லேப்டாப்பில் பயாஸை மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் மொத்தத் தகவலும் போச்சு. எனவே மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது இன்னும் நல்லது.

இரண்டு, சில லேப்டாப்களில் விண்டோஸ் பழைய 'லெகசி' முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கும். அப்போது பயாஸில் யு.இ.எஃப்.ஐ. என்று மாற்றினால் மட்டும் போதாது, விண்டோஸ் திறக்காமல் நின்றுவிடும். டிஸ்க்கின் அமைப்பையும் முதலில் ஜி.பி.டி. முறைக்கு மாற்ற வேண்டும். இதற்கான கருவி விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது.

தகுதி இருக்கு... அப்டேட் பட்டனை அழுத்திடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதல் வேலை பேக்கப். போட்டோ, சான்றிதழ், கணக்கு வழக்கு என எதுவெல்லாம் போனால் திரும்பக் கிடைக்காதோ, அதையெல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். நகல் எடுத்த பிறகு ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

பலரும் மறந்துபோகும் விஷயங்கள் சில உண்டு:

- பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் டைப் செய்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டும். கோப்பு மட்டும் இருந்து எழுத்துரு இல்லையென்றால், திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும்.
- ஜி.எஸ்.டி., வருமான வரி வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்கள், கைரேகைக் கருவி, பழைய பிரின்டர் வைத்திருப்பவர்கள், அவற்றுக்கு விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று அந்தந்த நிறுவனத் தளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள்.
- பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஏதாவது ஒரு கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.
- கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கடைக்காரர்கள், அதன் பேக்கப்பையும் லைசென்ஸ் விவரத்தையும் தனியாக எடுத்து வையுங்கள்.

அடுத்து, சி ட்ரைவில் 25 முதல் 30 ஜிபி வரை காலி இடம் இருப்பது நல்லது. சார்ஜரை மாட்டியே வையுங்கள். மாத்த முடியாத வேலை கையில் இருக்கும் நாளில், அதாவது ரிட்டர்ன் தாக்கல் கடைசி நாள், ஆன்லைன் தேர்வுக்கு முந்தைய நாள் போன்ற நேரங்களில் இதைத் தொடவே வேண்டாம்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுங்கள். தகுதியான லேப்டாப் என்றால் விண்டோஸ் 11 அங்கேயே காட்டும். காட்டவில்லை என்றால், மைக்ரோசாப்ட் தளத்தில் 'விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்' கிடைக்கும். ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இந்த முறையில் கோப்புகளும் மென்பொருட்களும் பொதுவாக அப்படியே இருக்கும்.

உங்களுடையது 32 பிட் விண்டோஸ் 10 என்றால் மட்டும் இந்த வழி நடக்காது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ப்ராசஸர் தகுதியாக இருந்தால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

பிடிக்கலைன்னா திரும்பப் போக முடியுமா?

முடியும். ஆனால் 10 நாட்களுக்குள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' என்ற பட்டன் இருக்கும். இடம் அடைக்கிறதே என்று 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டரை அழித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். எனவே முதல் பத்து நாட்களில் பிரின்டர், வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், டைப்பிங் என எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள்.

தகுதி இல்லாத லேப்டாப்... அப்போ என்ன பண்றது?

இதற்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன. இரண்டு நல்ல வழி, ஒன்று ரிஸ்க்.

முதல் வழி, கால அவகாசம் வாங்குவது. 'இ.எஸ்.யு.' எனப்படும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. இதில் சேரும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும் என்பது அறிவிப்பு. சேர மூன்று முறைகள் தரப்பட்டன: செட்டிங்ஸை மைக்ரோசாப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம், அல்லது 1,000 மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர் கட்டணம். ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம்.

லேப்டாப்பில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்று இருந்தால் அங்கேயே சேரலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் முடியும் தேதி எல்லோருக்கும் ஒன்றுதான். புதிய அம்சம் எதுவும் இதில் வராது, பாதுகாப்பு மட்டுமே. பேக்கப் செய்யும்போது ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டும்தான். எனவே போட்டோ, டாக்குமென்ட் ஃபோல்டர்களை அங்கே ஆஃப் செய்துவிட்டு, செட்டிங்ஸை மட்டும் அனுப்பினால் இடம் நிரம்பாது.

இரண்டாவது வழி, லினக்ஸ். பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, வாட்ஸ்அப் வெப், கடிதம் டைப் செய்வது, கணக்குப் போடுவது ஆகியவைதான் உங்கள் வேலை என்றால், லினக்ஸ் மின்ட் போன்றவை பழைய லேப்டாப்பிலும் நன்றாக ஓடும். லினக்ஸ் மின்ட் கேட்பது குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம்தான், 4 ஜிபி இருந்தால் வசதி. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் இன்னொரு தேர்வு. எல்லாமே இலவசம், எல்லாவற்றுக்கும் அப்டேட் வருகிறது.

இதில் பெரிய வசதி என்னவென்றால், பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட் எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடித்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம். பென்டிரைவில் ஏற்கனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டேலி, போட்டோஷாப், விண்டோஸுக்கான தமிழ் டைப்பிங் மென்பொருட்கள் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவைதான் உங்கள் பிழைப்பு என்றால் இந்த வழி சரிவராது.

மூன்றாவது, குறுக்கு வழி. ப்ராசஸர், டி.பி.எம். சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்கும், பல லேப்டாப்களில் ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பு வந்தபோது, குறிப்பிட்ட சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய ப்ராசஸர்களில் விண்டோஸ் 11 திறக்காமலே போனது. பாதுகாப்புக்காகத்தான் மாற்றுகிறோம் என்னும்போது, அந்தப் பாதுகாப்பே உறுதியில்லாத வழியில் போவதில் அர்த்தம் குறைவு. முக்கியமான தகவல் இல்லாத உபரி லேப்டாப்பில் முயன்று பார்ப்பது வேறு விஷயம்.

ஸ்லோவா இருக்கே... எஸ்.எஸ்.டி. போட்டால் போதுமா?

இங்கே ஒரு குழப்பம் உண்டு. எஸ்.எஸ்.டி., ரேம் இரண்டும் வேகத்தைக் கூட்டும். ஆனால் ப்ராசஸர் தகுதியில்லை என்றால், எவ்வளவு ரேம் போட்டாலும் விண்டோஸ் 11 தகுதி வராது.

அதேநேரம், தகுதி இருந்தும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட்டால் ஆமை வேகத்தில்தான் நகரும். அங்கே முதல் செலவு எஸ்.எஸ்.டி.யாகத்தான் இருக்க வேண்டும். 4 ஜிபி ரேமில் ஓடும் என்றாலும், நாலைந்து டேப் திறந்தாலே திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. வாங்குவதற்கு முன், உங்கள் லேப்டாப்பில் ரேம் மாற்ற முடியுமா, எந்த வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும் என்று மாடல் எண்ணைச் சொல்லி இரண்டு கடைகளில் விசாரித்து விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோசடிகள் ஜாக்கிரதை

"உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரை முழுக்க வந்தால், அது மோசடி. மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் 'விண்டோஸ் 11 இலவச டவுன்லோட்' லிங்க்கைத் தொட வேண்டாம். யார் கேட்டாலும் லேப்டாப்பை தூரத்தில் இருந்து இயக்கும் செயலிகளை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், "பேக்கப் எடுப்பீங்களா, அழிச்சிட்டுப் போடுவீங்களா, ஒரிஜினல் லைசென்ஸ்தானா?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

சுருக்கமா சொன்னா...

- 8ஆம் தலைமுறை இன்டெல் அல்லது பட்டியலில் உள்ள ரைசன் என்றால்: டி.பி.எம்.மை சரிபார்த்து, பேக்கப் எடுத்து, விண்டோஸ் 11க்கு மாறலாம். செலவு இல்லை.
- தகுதி இருந்தும் ஸ்லோ என்றால்: எஸ்.எஸ்.டி. முதலில், ரேம் அடுத்து. அதன் பிறகு விண்டோஸ் 11.
- தகுதி இல்லை, விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் தேவை என்றால்: இ.எஸ்.யு. திட்டத்தில் சேர்ந்து, 2026 அக்டோபர் 13க்குள் மாற்று ஏற்பாட்டுக்குத் திட்டமிடலாம். அவசரப்பட்டு இன்றே வாங்க வேண்டியதில்லை.
- தகுதி இல்லை, பிரவுசரும் படிப்பும் மட்டும்தான் என்றால்: லினக்ஸ் போதும். லேப்டாப் இன்னும் சில வருஷம் உழைக்கும்.
- எதுவும் செய்யாமல் பழையபடியே ஓட்டப் போகிறீர்கள் என்றால்: அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங், யு.பி.ஐ., வருமான வரி போன்ற வேலைகளை மட்டுமாவது நிறுத்திவிடுங்கள்.